குச்சவெளியில் 18 இலட்சம், அன்புவழிபுரத்தில் 85 இலட்சம்: எதை வாங்குவது?

வாசகரின் கடிதம், சுருக்கமாக

கடிதம் எழுதியவருக்கு வயது 39. தம்பலகாமத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர். சீனக்குடாப் பக்கம் ஒரு தனியார் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். கைக்கு வரும் சம்பளம் 120,000 ரூபாய். மனைவி யாழ்ப்பாணம் வலிகாமத்தைச் சேர்ந்தவர், திருகோணமலை நகரப் பாடசாலையொன்றில் ஆசிரியை. கழிவுகள் போக அவருக்கு 75,000 ரூபாய் வருகிறது. இரண்டு பிள்ளைகள். உவர்மலையில் மாதம் 35,000 ரூபாய் வாடகைக்கு இருக்கிறார்கள். வாகன லீசிங் மாதம் 22,000, இன்னும் இரண்டு ஆண்டுகள் கட்ட வேண்டும். சேமிப்பு 35 இலட்சம். மனைவிக்குச் சீதனமாக வந்த 2 பரப்புக் காணி வலிகாமத்தில் இருக்கிறது. அங்கே பரப்பு 25 இலட்சம் போகும் என்கிறார்கள்.

சொந்த வீடு வேண்டும் என்று சொன்னதும் நாலா பக்கத்திலிருந்தும் ஆலோசனை வந்திருக்கிறது. தரகர் ஒருவர் குச்சவெளிப் பக்கம் 40 பேர்ச் அனுமதிப்பத்திரக் காணியை 18 இலட்சத்துக்குக் காட்டியிருக்கிறார். வாசகர் அதற்கு ஒரு இலட்சம் முற்பணமும் கொடுத்து, கையெழுத்திட்ட துண்டு ஒன்றை வாங்கி வைத்திருக்கிறார். பாலையூற்றில் 10 பேர்ச் வெறுங்காணி 55 இலட்சம். உரித்தாளர் ஆறு பேர், அதில் மூவர் வெளிநாட்டில். அன்புவழிபுரத்தில் 8 பேர்ச்சில் பழைய வீடு ஒன்று 85 இலட்சம். மனைவியின் அண்ணன் தெஹிவளையில் 2 கோடி 60 இலட்சத்துக்கு ஒரு அடுக்குமாடி வீட்டைக் கூட்டாக வாங்கலாம் என்கிறார். கனடாவில் இருக்கும் நண்பர் நிலாவெளியில் கடற்கரையோரக் காணியை வாசகரின் பெயரில் வாங்கிப் போடுவோம், பாதிப் பணம் தருகிறேன் என்கிறார்.

"ஐயா, சம்பளம் திருகோணமலைச் சம்பளம், விலை மட்டும் ஏன் கொழும்பு விலை? யாழ்ப்பாணத்தைவிட இங்கே மலிவு என்று நினைத்துத்தான் இங்கேயே தங்க முடிவு செய்தோம். தேசவழமைப்படி கணவனாகிய நான் கையெழுத்துப் போட்டு அந்தச் சீதனக் காணியை விற்று, தை பிறக்குமுன் ஏதாவது ஒன்றைப் பதிந்துவிடலாமா?" என்று கேட்டு முடித்திருக்கிறார்.

பதில்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்தது நீங்கள் கணக்கை ஒளிக்காமல் எழுதியது. காணி விடயமாக என்னிடம் வருபவர்களில் பலர் விலையைச் சொல்வார்கள், வருமானத்தைச் சொல்ல மாட்டார்கள். இரண்டும் தெரியாமல் எந்தச் சட்டத்தரணியாலும் நல்ல ஆலோசனை சொல்ல முடியாது.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். யாழ்ப்பாணத்தைவிட இங்கே மலிவு என்று நீங்கள் நினைத்தது அளவுகள் கலந்ததால் வந்த எண்ணம். அங்கே பரப்பு 25 இலட்சம், பாலையூற்றில் பேர்ச் ஐந்தரை இலட்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு பரப்பு என்பது 10 பேர்ச். ஆகவே மனைவியின் காணி பேர்ச் இரண்டரை இலட்சம். பாலையூற்று அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். 20 பேர்ச்சை விற்று 10 பேர்ச்சுக்கும் குறைவாக வாங்கப்போகிறீர்கள் என்பதைத் தெரிந்துகொண்டுதான் மேலே யோசிக்க வேண்டும். இதனால் விற்கக் கூடாது என்று சொல்லவில்லை. வலிகாமத்துக் கிராமக் காணியும் நகரத்தை ஒட்டிய பாலையூற்றும் ஒரே சரக்கு அல்ல. யாழ் நகரத்தின் நல்லூர்ப் பக்கத்து விலையை எடுத்திருந்தால் ஒப்பீடு வேறு மாதிரி வந்திருக்கும். ஊருக்கு ஊர் ஒப்பிடுவதாக நினைத்து, ஒரு ஊரின் கிராமத்தை இன்னொரு ஊரின் நகரத்தோடு ஒப்பிட்டுவிடுகிறோம்.

விலை ஏன் சம்பளத்தைக் கேட்பதில்லை

உங்கள் முதல் கேள்வியில் ஒரு மனக்குறை இருக்கிறது. அது நியாயமானது. ஒரு ஊரில் வேலை செய்பவர் அந்த ஊரில் குடியிருக்க முடியாமல் போவது சாதாரண விடயம் அல்ல.

திருகோணமலை நகரம் உட்துறைமுகத்துக்கும் திறந்த கடலுக்கும் நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு நிலத்துண்டு. அதிலும் கோட்டைக்குள் இராணுவம், துறைமுகத்தைச் சுற்றிக் கடற்படையும் துறைமுக அதிகாரசபையும். எஞ்சிய இடத்தில்தான் வீடு, கடை, பாடசாலை, கோயில், பள்ளிவாசல் எல்லாம். நகரத்தைத் தாண்டினால் வனத் திணைக்களக் காணி, தொல்பொருள் திணைக்கள எல்லை, அரச காணி. மாவட்டம் பெரியது, அதில் தனியார் உறுதிக் காணியாக, வீதியும் தண்ணீரும் உள்ளதாக, பாடசாலைக்குப் பக்கமாக விற்பனைக்கு வருவது மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்துக்குத்தான் எல்லோரும் போட்டியிடுகிறோம்.

போட்டியிடுபவர்களும் எல்லோரும் நம்மூர்ச் சம்பளக்காரர் அல்லர். 2022 தொடக்கத்தில் டொலர் ஏறக்குறைய 200 ரூபாய். வெளிநாட்டில் 30,000 டொலர் சேர்த்து வைத்திருந்தவருக்கு அன்று அது 60 இலட்சம். டொலர் 300 ரூபாய் என்றால் அதே பணம் 90 இலட்சம். அவர் கூடுதலாக உழைக்கவில்லை, ஆனாலும் அவருடைய வாங்கும் வலு ஒன்றரை மடங்காகிவிட்டது. அதே காலத்தில் உங்கள் ரூபாய்ச் சேமிப்புக்கு என்ன நடந்தது? 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைப் பணவீக்கம் ஏறக்குறைய 70 சதவீதம்வரை போனது. ஒரே காணிக்கு நீங்கள் இருவரும் விலை கேட்டால், விலையைத் தீர்மானிப்பவர் அவர்தான்.

மூன்றாவது காரணம் செய்தி. எண்ணெய்க் குதங்கள் பற்றிய ஒப்பந்தம் 2022 ஜனவரியில் கைச்சாத்தானது. 2025 ஏப்ரலில் இந்தியாவும் ஐக்கிய அரபு இராச்சியமும் இலங்கையும் திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டன. இப்படியொரு செய்தி வரும்போதெல்லாம் தரகர்கள் விலையை ஒரு படி ஏற்றிச் சொல்வார்கள். சம்பூரை நினைத்துப் பாருங்கள். அனல் மின்நிலையம் வருகிறது என்று ஆண்டுக்கணக்காகப் பேசப்பட்டது, அதற்காகச் சனங்கள் தங்கள் காணிகளுக்குத் திரும்ப முடியாமல் காத்திருந்தார்கள், கடைசியில் 2016இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. இப்போது அங்கே சூரிய மின்சக்தித் திட்டம். நாளை வரப்போகும் திட்டத்துக்காக இன்று நீங்கள் விலை கொடுக்கத் தேவையில்லை. நீங்கள் வாங்குவது பிள்ளைகள் பாடசாலை போய்வர ஒரு வீடு.

காணி விலை உயர்வு என்று பத்திரிகையில் சதவீதம் ஏதாவது பார்த்தால், அது எந்த மாவட்டம் என்றும் பாருங்கள். மத்திய வங்கியின் காணி மதிப்பீட்டுக் குறிகாட்டி நீண்ட காலமாகக் கொழும்பு மாவட்டத்தை வைத்தே கணிக்கப்பட்டு வந்தது. அதை எடுத்துக்காட்டிப் பாலையூற்றில் விலை கூட்டிக் கேட்பவரிடம் நீங்கள் பணிந்துபோகத் தேவையில்லை.

உங்களால் எவ்வளவு முடியும்

இருவர் வருமானமும் சேர்ந்து 195,000 ரூபாய். அதில் 40 சதவீதத்துக்கு மேல் கடனுக்குப் போகக் கூடாது என்பது நான் சொல்லும் எல்லை, அது 78,000. லீசிங் 22,000 போக மிச்சம் 56,000. 12 சதவீத வட்டியில் 20 ஆண்டுக்கு 50 இலட்சம் எடுத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 55,000 வரும். ஆக, இன்றைய நிலையில் உங்கள் கடன் எல்லை 50 இலட்சம்.

இதில் ஒரு ஆபத்தைப் பலர் கவனிப்பதில்லை. வட்டி மாறும் கடன் என்றால், அதே 50 இலட்சத்துக்கு 15 சதவீதத்தில் தவணை 66,000, 20 சதவீதத்தில் 85,000. நடக்காத கதை அல்ல. 2023 மார்ச்சில் மத்திய வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியே 16.5 சதவீதமாக இருந்தது. வீட்டுக் கடன் எடுத்தவர்கள் அந்த ஆண்டைக் கடந்த பாட்டை நான் அறிவேன். வட்டி குறைந்திருக்கும் காலத்தில்தான் கடன் உடன்படிக்கையின் சிறிய எழுத்துகளை வாசிக்க வேண்டும். முதல் ஐந்து ஆண்டுக்காவது நிலையான வட்டி தருவார்களா என்று இரண்டு மூன்று வங்கிகளில் கேளுங்கள். மனைவி அரச ஊழியர் என்பதால் அரச ஊழியருக்கான சொத்துக் கடன் பற்றி வலயக் கல்வி அலுவலகத்தில் முதலில் விசாரியுங்கள். வட்டிச் சலுகை உள்ள கடனை விட்டுவிட்டு வேறு கடனுக்குப் போகக் கூடாது.

உங்கள் ஊழியர் சேமலாப நிதியைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. பத்து ஆண்டுக்கு மேல் பங்களித்திருந்து, கணக்கில் மூன்று இலட்சத்துக்கு மேல் இருந்தால், வீட்டுத் தேவைக்குக் கணக்கிலுள்ள மொத்தத்தில் 30 சதவீதம்வரை, உச்சமாக 20 இலட்சம் எடுக்கலாம். 22 இலட்சம் சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டால் 6 இலட்சத்து 60 ஆயிரம் வரும். முதுமைக்கான பணம் அது. ஆகவே கடைசியாகத் தொடுங்கள்.

வங்கி, விற்பவர் கேட்கும் விலைக்குக் கடன் தருவதில்லை. தன் மதிப்பீட்டாளரை அனுப்பி, அவர் போடும் மதிப்பில் ஒரு பங்கைத்தான் தரும். 85 இலட்சம் கேட்கும் வீட்டை மதிப்பீட்டாளர் 70 இலட்சம் என்று போட்டு, வங்கி அதில் 70 சதவீதம் கொடுத்தால் உங்களுக்குக் கிடைப்பது 49 இலட்சம்.

உறுதிச் செலவையும் சேர்க்க வேண்டும். முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 சதவீதம், மிகுதிக்கு 4 சதவீதம். 85 இலட்சத்துக்கு அது 339,000 ரூபாய். நொத்தாரிசு, அளவையாளர், வங்கியின் சட்டச் செலவு இவற்றுக்கு இன்னும் இரண்டு இலட்சம் ஒதுக்கி வையுங்கள். உறுதியில் விலையைக் குறைத்து எழுதினால் தீர்வை மிஞ்சும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தீர்வை சொத்தின் மதிப்பை வைத்து அறவிடப்படுவது. பின்னாளில் வழக்கு என்று வந்தால், நீங்கள் கொடுத்த மீதிப் பணத்துக்கு எழுத்தில் சாட்சி இருக்காது.

குச்சவெளிக் காணி

இதில் சற்றுக் கடுமையாகத்தான் பேச வேண்டியிருக்கிறது. மேலே ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

அனுமதிப்பத்திரக் காணி அரசுடைய காணி. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஒருவருக்குக் குடியிருக்கவும் பயிரிடவும் அனுமதி கொடுக்கப்பட்டிருக்கிறது. அதை அவர் தன் காணிபோல விற்க முடியாது. உரிய அதிகாரியின் முன்னனுமதி இல்லாத கைமாற்றம் செல்லாது. பிரதேச செயலகத்தில் பெயர் மாற்றித் தருகிறேன் என்று தரகர் சொல்வார். அனுமதிப்பத்திரத்தில் பின்னுரித்தாளராகப் பெயர் குறிக்கப்பட்டவர் விற்பவரின் மகனோ மகளோ ஆக இருப்பார். பத்து ஆண்டு கழித்து அவர் வந்து வாசலில் நின்றால், உங்கள் கையில் இருக்கும் வெள்ளைத் தாளுக்கு எந்தப் பெறுமதியும் இல்லை.

இன்னொரு விடயம், இதுதான் உங்கள் கேள்வியின் நடு. அந்தக் காணியை எந்த வங்கியும் உங்களிடமிருந்து ஈடாக ஏற்காது. அதன் மேல் வீடு கட்ட முழுப் பணமும் கையிலிருந்து போக வேண்டும். பேர்ச் 45,000 ரூபாய் என்று பார்க்கும்போது மலிவு. ஆனால் 50 இலட்சம் கடன் எடுக்கும் உங்கள் தகுதியை அது அப்படியே இல்லாமல் செய்துவிடுகிறது. பாலையூற்றில் ஐந்தரை இலட்சமும் அங்கே 45,000 ரூபாயுமாக இருப்பதற்குத் தூரம் மட்டும் காரணம் அல்ல. அந்த வித்தியாசத்தில் பெரும் பங்கு உரித்து இல்லாததன் விலை. அங்கிருந்து சீனக்குடா வேலைக்கும் மனைவியின் பாடசாலைக்கும் தினமும் போய்வரும் எரிபொருட் செலவை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

கொடுத்த ஒரு இலட்சத்தைப் பற்றி: 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனையும் அதற்கான உடன்படிக்கையும் நொத்தாரிசு முன்னும் இரண்டு சாட்சிகள் முன்னும் ஒப்பமிடப்பட வேண்டும். உங்களிடம் உள்ள துண்டை வைத்துக் காணியைக் கேட்கவும் முடியாது, அவர்கள் உங்களை வாங்கும்படி கட்டாயப்படுத்தவும் முடியாது. ஆனால் பணம் கொடுத்ததற்கு அது நல்ல சாட்சி. ஒரு சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள். பெரும்பாலும் அந்தக் கட்டத்திலேயே பேச்சுக்கு வருவார்கள். காலம் கடத்தாதீர்கள், கடன் மீட்கும் வழக்குகளுக்குக் காலவரம்பு உண்டு.

பாலையூற்று

இடம் நல்லது. ஆனால் உரித்தாளர் ஆறு பேர், மூவர் வெளிநாட்டில் என்றால் இங்கே இருப்பவர் அற்றோணித் தத்துவத்தை, அதாவது தங்களுக்காக ஒப்பமிடும்படி அவர்கள் எழுதிக்கொடுத்த அதிகாரத்தை, வைத்துத்தான் ஒப்பமிடுவார். அதைக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பதே முதற்கேள்வி. அவர் இறந்த அன்றே அந்த அதிகாரம் போய்விடும். மூவரோடும் வீடியோ அழைப்பில் நீங்களே பேசிப் பாருங்கள். விற்க மறுப்பவர் ஒருவர் இருந்தாலும் நீங்கள் வாங்குவது பிரிக்கப்படாத பங்கு மட்டுமே, பிறகு 1977ஆம் ஆண்டின் பிரிவினைச் சட்டத்தின் கீழ் வழக்கு. ஆண்டுகள் ஓடும்.

உறுதிகளில் ஏதாவது ஒன்று "வெளிப்படுத்தல் உறுதி" என்றிருந்தாலும் கவனம். பத்து ஆண்டு ஆட்சியால் உரித்து வரும் என்று 1871ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது, உண்மை. ஆனால் அதை ஒருவர் தானே எழுதி அறிவித்துக்கொள்வதால் மட்டும் உரித்து வந்துவிடாது. மறுப்பு எழுந்தால் நீதிமன்றத்தில் நிறுவ வேண்டும். இடம்பெயர்ந்து போனவர்களின் காணிகள் நிறைந்த மாவட்டம் இது. இங்கே அந்த மறுப்பு எங்கிருந்தும் எழலாம்.

உரித்தெல்லாம் சரியாக இருந்தாலும் கணக்கு இடிக்கிறது. 900 சதுர அடிக்கு, மேசன் சொன்னதாக நீங்கள் எழுதிய 10,000 ரூபாய்ப்படி வீடு 90 இலட்சம். காணியோடு 145 இலட்சம். மனைவியின் காணி முழுவதையும் விற்று, சேமிப்பைத் துடைத்து, கடன் எடுத்து, சேமலாப நிதியையும் தொட்டால் 141 சொச்சம். கட்டி முடியும்வரை வாடகையும் ஓடும். கூரை போடாத வீட்டுக்குத் தவணை கட்டும் குடும்பங்கள் இந்த நகரைச் சுற்றி எத்தனையோ.

தெஹிவளையும் நிலாவெளியும்

தெஹிவளை உங்களுக்கு வேண்டாம். நீங்கள் இருவரும் வேலை செய்வது இங்கே. பாதிப் பங்கே 1 கோடி 30 இலட்சம், அதற்கு மேல் மாதாந்தப் பராமரிப்புக் கட்டணம். குடியிருக்காத வீட்டுக்குத் தவணையும் குடியிருக்கும் வீட்டுக்கு வாடகையும் சேர்த்துக் கட்ட உங்கள் வருமானம் போதாது. மச்சானிடம் அன்பாகச் சொல்லிவிடுங்கள்.

நிலாவெளி வேறு வகைச் சிக்கல். உங்கள் நண்பர் கனேடியப் பிரசை ஆகி இலங்கைப் பிரசாவுரிமையை இழந்திருந்தால், 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தின்படி அவருக்கு இங்கே காணியை உறுதி மூலம் மாற்ற முடியாது. அதனால்தான் உங்கள் பெயரில் போடச் சொல்கிறார் என்று நினைக்கிறேன். நட்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இதைச் செய்யாதீர்கள். நாளை உங்களுக்கு ஏதாவது நேர்ந்தால் அந்தக் காணி உங்கள் பிள்ளைகளின் முதுசமாக எழுதப்படும். நண்பர் தன் பணத்தைக் கேட்டு உங்கள் மனைவியின் முன் நிற்பார். அவர் இரட்டைப் பிரசாவுரிமை பெற்றுத் தன் பெயரிலேயே வாங்கட்டும், அதற்கு வழி இருக்கிறது. அதோடு, கடலின் உயர்நீர்க் கோட்டிலிருந்து 300 மீற்றர்வரை கரையோர வலயம். அதற்குள் கட்டுவதற்குக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். 2004 சுனாமி நிலாவெளியில் எதுவரை வந்தது என்று அங்கே உள்ளவர்களிடம் கேட்டால் கையால் காட்டுவார்கள்.

சீதனக் காணியில் யாருடைய கையெழுத்து

இங்கேதான் உங்கள் கடிதத்தின் பெரிய தவறான எண்ணம் இருக்கிறது. தேசவழமை என்பது யாழ்ப்பாணத் தமிழருக்குரிய தனியாள் சட்டம். திருகோணமலைத் தமிழர் என்பதால் மட்டும் அது ஒருவருக்குப் பொருந்திவிடாது. தம்பலகாமத்தைப் பூர்வீகமாகக் கொண்ட உங்களுக்கு அது பொருந்தாது என்றே தெரிகிறது. தேசவழமைக்கு உட்பட்ட ஒரு பெண், உட்படாத ஒருவரை மணந்தால், அந்த மணவாழ்வு நீடிக்கும்வரை அவருக்கும் தேசவழமை பொருந்தாது என்று 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. ஆகவே அந்தக் காணியை விற்பதும் விற்காமல் விடுவதும் அவருடைய முடிவு மட்டுமே. உங்கள் தந்தை வழி யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது என்றால் நிலை மாறலாம். அப்போதும் உங்கள் பங்கு சம்மதம் கொடுப்பதுதான், அவருக்காக விற்பது அல்ல. உறுதியை யாழ்ப்பாணத்தில் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். அது பிரிக்கப்படாத பங்காக இருந்தால், பங்காளிகளுக்கு முதலில் வாங்கும் உரிமை இருக்கிறதா என்பதையும் அவர் பார்த்துச் சொல்வார்.

கடிதம் முழுவதிலும் மனைவி என்ன நினைக்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. பெற்றோர் அவருக்கென்று கொடுத்த ஒரே சொத்து அது. அவருடைய பணம் இந்த வீட்டுக்குள் வருகிறது என்றால், உறுதியில் அவர் பெயரும், அவர் போட்ட பங்கும் தெளிவாக எழுதப்பட வேண்டும். இதை உங்கள் இருவருக்கும் இடையிலான நம்பிக்கைக் குறைவாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அன்புவழிபுரத்து வீடு

நீங்கள் தந்த விபரங்களை வைத்து என் மனம் சாய்வது இந்தப் பக்கம்தான். 85 இலட்சம் என்பது கேட்கும் விலை. கூரைச் சிலாகை, மின் இணைப்பு, கிணறு இவற்றைத் தெரிந்தவர் ஒருவரோடு போய்ப் பார்த்து, திருத்தச் செலவை எழுதிக்கொண்டு பேசுங்கள். 80க்கு இறங்கினால், தீர்வை 319,000, மற்றச் செலவு 2 இலட்சம், திருத்தம் 5 இலட்சம் சேர்த்து ஏறக்குறைய 90 இலட்சம். சேமிப்பு, வங்கி, சேமலாப நிதி மூன்றும் சேர்ந்தால் எட்டிவிடும். ஆனால் கையில் ஒன்றும் மிஞ்சாது. ஒரு பிள்ளைக்கு வருத்தம் வந்தாலே தவணை தவறும். அப்படி வாங்குவதை நான் விரும்பவில்லை.

இரண்டு வழிகள் தெரிகின்றன. ஒன்று, மனைவி மனமொப்பினால், இரண்டு பரப்பில் ஒன்றை மட்டும் அளந்து பிரித்து விற்பது. 25 இலட்சத்தில் சேமலாப நிதியைத் தொடாமல் விட்டுவிடலாம், லீசிங்கை முடித்து மாதச் சுமையைக் குறைக்கலாம், ஒரு பகுதியை வைப்பில் போடலாம். ஒரு பரப்பு அவருக்கென்று அங்கேயே இருக்கும். மற்றது, லீசிங் முடியும்வரை இரண்டு ஆண்டு பொறுப்பது. அப்போது உங்கள் கடன் எல்லை 70 இலட்சமாகும். ஆனால் அதற்குள் விலை எங்கே நிற்கும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. இதே வீட்டின் உறுதி சுத்தமாக இருந்து, மனைவிக்கும் சம்மதம் என்றால், நான் முதல் வழியைச் சொல்வேன்.

எதுவானாலும் 30 ஆண்டுக்கான காணிப் பதிவேட்டுப் பிரதிகளை எடுத்து, ஈடு, வழக்குப் பதிவு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புதிதாக அளந்த படம் வேண்டும். ஆதனவரி யார் பெயரில் கட்டப்படுகிறது, வீதி அகலிப்பில் காணி போகுமா என்று உள்ளூராட்சி சபையில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கட்டிடத்துக்கு அனுமதி எடுத்துத்தான் கட்டினார்களா என்பதும் முக்கியம். பழைய வீடுகளில் பின்புறத்து இறக்குக் கூரை பெரும்பாலும் அனுமதிப் படத்தில் இருக்காது, வங்கி அதைக் காரணம் காட்டி மதிப்பைக் குறைக்கும். உறுதி ஒப்பமிட்டதும் தாமதமின்றிப் பதிவு செய்யுங்கள். ஒரே காணியை இருவருக்கு விற்றால், விலை கொடுத்து நேர்மையாக வாங்கி முந்திப் பதிந்தவருக்கே பொதுவாகச் சட்டம் துணை நிற்கும்.

தை பிறக்குமுன் பதிய வேண்டும் என்ற அவசரம் தரகருடையது. உங்களுடையது அல்ல. நமக்கு ஐப்பசியிலிருந்து தை வரை மாரி. 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த வெள்ளம் இந்த மாவட்டத்தில் எங்கெங்கே நின்றது என்று பார்த்தோம். அன்புவழிபுரத்து வீட்டை நல்ல மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். ஒழுங்கையில் தண்ணீர் எவ்வளவு நேரம் நிற்கிறது, கிணற்று நீர் கலங்குகிறதா, மலசலகூடக் குழி நிரம்புகிறதா என்று பக்கத்து வீட்டாரிடம் கேளுங்கள். மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். பதிவேட்டுப் பிரதிகள் கைக்கு வந்ததும், அந்த உறுதிப் பிரதியோடும் யாழ்ப்பாண உறுதியின் பிரதியோடும் இருவருமாக ஒரு நொத்தாரிசைப் பாருங்கள். அதுவரை எந்தத் துண்டிலும் கையெழுத்து வைக்காதீர்கள்.